ஜோடி இல்லாத டிஸ்க்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வார்ப்பு இரும்பில் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருத்திதான். அதுவரை மேசைகளுக்கு அடியில் தூசி தின்றுகொண்டிருந்த சர்வர்களை எடுத்துவிட்டு பிளேடு சர்வர் வாங்கலாம் என்று முடிவானபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரே இரும்புப் பெட்டி. அதற்குள் ஒல்லியான சர்வர்கள் அலமாரியில் புத்தகம் செருகியதுபோல் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் முகப்பிலும் டிஸ்க் போட இரண்டு குழி. இரண்டிலும் போட்டு மிரர் செய்துவிட்டால் எழுதுவதெல்லாம் இரண்டிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது சுமந்துகொண்டு போகும்.

பெட்டி வந்து பிரித்தால் நான் கேட்டதைவிட டிஸ்க்குகள் குறைவாக இருந்தன. ஆர்டரில் கை வைத்தவர் பிளாண்ட் மானேஜர்.

"ஒரே விஷயத்தை ரெண்டு தடவ எழுத எதுக்கும்மா ரெண்டு டிஸ்க்?" என்றார்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும் சார்."

"போகும்னு தெரிஞ்சேவா வாங்கறோம்?"

"எல்லா டிஸ்க்கும் ஒருநாள் போகும் சார். என்னிக்குன்னுதான் தெரியாது."

சிரித்தார். கெட்டவர் இல்லை. மீதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், இருப்பதை முக்கியமானதற்குப் போடு என்றார். கணக்கு, டெஸ்பாட்ச், டிராயிங் எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்தது. வருகைப் பதிவு மட்டும் ஒற்றை டிஸ்க்கில் ஓடட்டும் என்று அவரே முடிவு செய்தார். அந்த அறையில் இருந்த, வருகைக் கணக்கைப் பார்க்கும் டைம் ஆபீஸின் பொறுப்பாளர், பொன்னேரிக்காரர், "நம்முளுது எப்பவும் கடைசிப் பந்திதான் சார்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

ஒவ்வொரு சர்வரையும் கிளப்பி, கறுப்புத் திரையில் இரண்டு டிஸ்க்குகளையும் தேர்ந்து மிரர் போட்டேன். வருகைப் பதிவு சர்வரின் காலிக் குழியைப் பிளாஸ்டிக் மூடி ஒன்றால் அடைத்தேன். காற்றோட்டம் கெடாமல் இருக்க அதுவும் பெட்டியிலேயே வந்திருந்தது.

கோடை வந்தது. ஒரு காலையில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறிய சிறிது நேரத்தில் டைம் ஆபீஸிலிருந்து போன்.

"மேடம், கார்டு தேச்சா மெஷின் கம்முனு கீது. கேட்டாண்ட கும்பல் சேந்துக்கினு பேஜார் பண்றாங்கோ."

சர்வர் அறைக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது. நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் டிக், டிக் என்று. வருகைப் பதிவின் டிஸ்க். அணைத்துப் போட்டேன், கழற்றி மாட்டினேன். அது எழவே இல்லை.

போன மாதக் கடைசியில் டேப்பில் எடுத்த பிரதி கையில் இருந்தது. அதற்குப் பின் நடப்பு மாதத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, அந்த நாட்களின் பதிவு எங்கும் இல்லை. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு ஃபோர்மேன் எழுதும் ஷிப்ட் ரிப்போர்ட் உண்டு. காண்டிராக்டில் வரும் பெண்களுக்கு அது இல்லை. வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து அடுக்குகிறவர்கள் அவர்கள். அவர்கள் வந்ததற்கு அந்தக் கார்டு ஒன்றுதான் சாட்சி.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி நாள் போட்டுடலாம்" என்றார் மானேஜர். விஷயம் அன்று மதியத்துக்குள் ஷெட்டுக்குப் போய்விட்டது. தேய்ப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் நேராக என் அறை வாசலுக்கு வந்து நின்றாள். முழங்கைவரை கரி.

"நானு ஒரு நாளு கூட லீவு போடல. பக்கத்து டேபிள்காரி பாதி நாளு வர்ல. ரெண்டு பேருக்கும் ஒண்ணா மேடம்? இன்னா நாயம் இது?"

டைம் ஆபீஸ்காரரிடம் போய், ஒவ்வொருவரையும் கேட்டே எழுதிவிடலாம் என்றேன். "கேட்டா எல்லாரும் டெய்லி வந்தேன்னுதான் சொல்லுவாங்கோ" என்றார். ஆனாலும் முதல் ஷிப்ட் விட்டதும் கேன்டீனில் மேசை போட்டு என்னோடு உட்கார்ந்தார்.

ஒருத்தி சொல்வதை, பக்கத்தில் நின்று வேலை செய்தவளிடமும் ஷேர் ஆட்டோவில் கூட வந்தவளிடமும் தனியாகக் கேட்டோம். இருவரும் ஒன்றுபோல் சொன்னால் எழுதினோம். கிரேன் நின்றுபோன நாள், பாயசம் போட்ட நாள், புழுதிக்காற்றில் ஷெட் தகரம் பறந்த நாள் என்று அவர்களுக்குத் தேதிகள் வேறு விதமாக இருந்தன. சில இடங்களில் இடித்தது. ஒருத்தி வந்தேன் என்று சாதித்த நாளில், "பாப்பாவுக்கு ஜொரம்னு ஊட்லயே இருந்துட்டியேக்கா" என்றாள் தோழி. சாதித்தவளே, "ஆமா, அன்னிக்குத்தான் அது" என்றாள். அதை எழுத எனக்கு என்னவோபோல் இருந்தது. எழுதினேன்.

கடைசியில் வந்தவர் பின்பக்க யார்டைப் பெருக்கும் பெண்மணி. அங்கே அவர் ஒருவர்தான். பழவேற்காடு பக்கத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வருகிறவர்.

"உங்களப் பாத்தவங்க யாராவது இருக்காங்களாக்கா?"

"என்ன யாரும்மா பாக்கறது?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"எத்தன நாள் வந்தீங்க?"

"தெர்லியே. எல்லா நாளும் ஒரே மாதிரி பெருக்கறதுதான். நீயே பாத்துப் போடும்மா."

டைம் ஆபீஸ்காரர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி எல்லா நாளும் வந்ததாகப் போட்டார். அந்தப் பெண்மணி முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனார். அது சரியான கணக்குதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதற்கிடையில் மானேஜர் கேன்டீன் வாசலில் வந்து நின்று சற்று நேரம் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, நாங்கள் எழுதிய நாள் கணக்கையே ஏற்றுக்கொண்டு, "எத்தன டிஸ்க் வேணும்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். வந்ததும் வருகைப் பதிவுக்குத்தான் முதலில் மிரர் போட்டேன். டைம் ஆபீஸ்காரர் எட்டிப் பார்த்து, "முதல் பந்தியா இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நான் மீஞ்சூர் வரை மின்சார ரயிலில் போவேன். பெண்கள் பெட்டியில் கரி படிந்த கைகளோடு எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சத்தமாகப் பேசுவார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டு வெளியே பார்த்தபடி போவேன். கேன்டீனில் அவர்களை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிய பிறகுதான் அது என் தொழிற்சாலைக் கூட்டம் என்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம், என் அறை வாசலில் வந்து சண்டை போட்ட பெண் பக்கத்திலிருந்தவளை இடித்து நகரச் சொன்னாள். "மேடம், நின்னுக்கினே போறியே, வா, குந்து" என்றாள். போய் உட்கார்ந்தேன். பொரிகடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டிவிட்டு, பாதியில் நின்றிருந்த தன் மாமியார் கதையை அவள் தொடர்ந்தாள்.