விலையைச் சொல்லிவிட்டு இணைப்பவர்

எட்டு இலக்கங்களையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சொல்கிறார் மேரிசெலின். ஒவ்வொரு சோடிக்கும் பிறகு சிறிய இடைவெளி விடுகிறார். மறுமுனையில் பென்சில் தாளில் உரசும் சத்தம் அவருக்குக் கேட்குமாம். உரசல் நின்றால் அடுத்த சோடி. உரசலே கேட்காவிட்டால், “எழுத ஏதும் கையில் இருக்கிறதா? இல்லாவிட்டால் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுகிறேன்” என்று டேனிஷில் சொல்வார். பென்சில் தேடிச் சமையலறைக்குப் போகப் பார்க்கிறவர்களை அவர் போக விடுவதில்லை. அழைப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, “தேடுற நேரத்துக்கும் மீற்றர் ஓடும், பிள்ளை” என்பார்.

தொலைபேசி இலக்கம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் நிலையம் எங்களுடையது. டென்மார்க்கின் பிரெடெரிசியா ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், பதினொரு கதிரைகள். இந்தக் காலத்திலும் இதற்கு அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள்: கைபேசியில் தேடத் தெரியாதவர்கள், தேடப் பிடிக்காதவர்கள், பாரவண்டி ஓட்டிக்கொண்டே பேசுகிறவர்கள். பெரும்பாலானோர் வயதானவர்கள். செலின் அன்ரி பத்தொன்பது வருடங்களாக ஜன்னலோரக் கதிரையில் இருக்கிறார். வந்ததும் வலது காதுத் தோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத்தான் ஹெட்செட்டை மாட்டுவார். மத்தியானம் சாப்பாட்டு அறைக்கு ஒற்றைத் தோட்டுடனேயே வருவார். யாராவது சொன்னால், “மற்றக் காது வேலையில நிக்குது” என்பார்.

மன்னாரிலிருந்து வந்தவர் அவர். டேனிஷை வளர்ந்த பிறகு கற்றார். அவருடைய உச்சரிப்பைக் கேட்டுவிட்டுச் சிலர், “நீ எங்கே இருந்து பேசுகிறாய், இந்தியாவிலா?” என்று கேட்பார்கள். அவர் கோபிப்பதில்லை.

“பிரெடெரிசியா. ரயில் நிலையத்துக்குப் பின்னால். நீங்கள்?”

“ரண்டர்ஸ்.”

“அப்படியென்றால் நீங்கள்தான் தூரத்தில் இருக்கிறீர்கள்.”

பெயரைப் பாதி மறந்தவர்களைத்தான் அவருக்கு மிகவும் பிடிக்கும். கோல்டிங்கில் ஒரு ஹான்சன், முன்பு வர்ணக்கடை வைத்திருந்தவர், தெருப்பெயர் ஒரு மரத்தின் பெயர் என்று யாராவது இழுத்தால் அன்ரி கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். விரல்கள் ஓடும். ஒரு பெயரைக் கண்டுபிடிக்க அவருக்குச் சராசரியாக ஒன்பது வினாடி. எங்கள் நிலையத்தில் அந்த வேகம் வேறு யாருக்கும் இல்லை. அதை அவர் அறிவார், மற்றவர்கள் அறிவதையும் விரும்புவார். மாதத்தில் ஓரிரு தடவை மத்தியான இடைவேளையில் தன் சொந்தக் கைபேசியில், சொந்தக் காசில், எதிர் நிறுவனத்துக்கு அழைத்து அங்கே எத்தனை வினாடி எடுக்கிறது என்று பார்ப்பார். “ஏழு குரோணர் போனாப் போகட்டும். அவையின்ர பெட்டை ஒரு பெயரை மூண்டு தரம் கேக்கிறாள்” என்று சிரித்த முகத்துடன் கதிரைக்குத் திரும்புவார்.

அந்த ஏழு குரோணரில்தான் பிரச்சினை தொடங்கியது. அழைக்கிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள், அவர்களுக்காகச் சண்டை பிடிக்கும் நிறுவனங்களோ மூன்று. ஒரு நிறுவனம் பேருந்துகளின் முதுகில் ‘ஏழே குரோணர்’ என்று விளம்பரம் ஒட்டியது. எங்களுடையதும் முதல் நிமிடத்தின் விலையைக் குறைத்தது. குறைத்ததை எங்கே பிடிப்பது? இணைப்பில். இலக்கத்தைச் சொன்னதும், “அப்படியே இணைத்துவிடட்டுமா?” என்று நாங்கள் கேட்கவேண்டும். ஆம் என்றால், அவர்கள் பேசி முடிக்கும்வரை எங்கள் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்குப் பதினான்கு குரோணர். அழைப்பின் தொடக்கத்திலேயே ஒரு பதிவுக்குரல் இதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே எல்லாம் சட்டப்படிதான். அதற்குப் பிறகு விலையைப் பற்றி அழைப்பவர் கேட்டால் மட்டும் சொல்லவேண்டும் என்பது விதி.

இணைக்கட்டுமா என்ற வாக்கியத்தை அன்ரி ஒருநாளும் தவறவிட்டதில்லை. நிறுவனம் எழுதிக் கொடுத்தபடியே, ஒரு சொல் குறையாமல் சொல்வார். பிறகு யாரும் கேட்காமலே, “பேசி முடியும்வரை நிமிடத்துக்குப் பதினான்கு குரோணர். நீங்களே அழைத்தால் அது இல்லை” என்பார். பத்தில் எட்டுப் பேர் நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள்.

ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒருநாள், வந்த புதிதில் தான் இப்படி இணைக்கப்பட்டு எஸ்பியர்க்கில் இருந்த சிநேகிதியோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்த கதையைச் சொன்னார். அந்த மாதப் பில்லைக் கணவர் சூசைதாசன் இன்னும் மறக்கவில்லையாம். இன்னொரு நாள், “மீன் விக்கிறவனும் விலையைச் சொல்லிப்போட்டுத்தான் மீனை வெட்டுவான்” என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, “உனக்கு வேலை இல்லையோ?” என்றார்.

எனக்கு வேலை இருந்தது. அன்ரியின் அழைப்புகள் உட்பட எல்லோருடைய அழைப்புகளையும் அட்டவணையாக்கி மேலிடத்துக்குக் கொடுப்பதுதான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்துப் பதினொரு பேரை வரிசைப்படுத்துகிறேன். மாத முடிவில் பதினொரு கதிரை ஏழாகப் போகிறது என்று தெரிந்தபின் ஒருநாள் அன்ரி என் மேசைக்கு வந்தார்.

“உன்ர பேப்பரில நான் எத்தினையாவது?”

“பதினோராவது.”

“எத்தினை பேரில?”

“பதினொரு பேரில், அன்ரி.”

“அப்ப வடிவா எண்ணியிருக்கிறாய்.”

நான் சிரிக்கவில்லை. எந்தக் கணக்கைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இணைப்பு விகிதத்தைத் தேர்ந்தது நான்தான். வினாடிகளைக் கொண்டு வரிசைப்படுத்தியிருந்தால் அவர் முதலாவது. அதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப வேற ஆரோ கடைசி” என்றார். “அந்தப் பிள்ளைக்கும் வீட்டு வாடகை இருக்கும்.”

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம். சூசைதாசன் முதுகு வருத்தத்தால் இறைச்சித் தொழிற்சாலையை விட்டுவிட்டார். அன்ரியோடு இந்த நாட்டுக்கு வந்த பெண்கள் பலர் துப்புரவு வேலையில் தேய்ந்தவர்கள். டேனிஷ்காரருக்கு டேனிஷில் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் அவர். “வெளியில போனா எனக்கு ஆர் போனைத் தரப்போறான்? மொப்பைத்தான் தருவான்” என்று ஒருமுறை சொன்னார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கேட்காமலே விலை சொன்னதற்காக அன்ரிக்கு எழுத்தில் இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. மூன்றாவது வந்தால் வேலை இல்லை. அவற்றில் கையெழுத்திட்டவர் எங்கள் குழுத் தலைவர் றொஜிதன். முப்பத்தொரு வயது, டென்மார்க்கில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில் அவரைக் கோடைகால வேலைக்கு இங்கே சேர்த்துவிட்டதே அன்ரிதான். இருவரும் தேவாலயத்தில் ஒரே தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்கள். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு அவர் அன்ரியின் மேசைக்கருகே குனிந்து மெல்லப் பேசினார்.

“அன்ரி, கேட்டாச் சொல்லுங்கோ. கேக்காட்டிப் பேசாம விடுங்கோ. அவ்வளவுதானே.”

“அப்பு, நீ சப்பாத்து வாங்கினா விலையைப் பாத்திட்டு வாங்குவியோ, வாங்கிப்போட்டுப் பாப்பியோ?”

“விலை முதல்லயே சொல்லுறம்தானே, அந்த ரெக்கோர்டிங்கில?”

“அந்தப் பெட்டையோ? அவளை நாய் துரத்துது. அந்த ஓட்டத்தில சொன்னா ஆருக்கு விளங்கும்?”

இக்கட்டு வந்தால் றொஜிதன் டேனிஷுக்கு மாறிவிடுவார். “இது என் கையில் இல்லை” என்று டேனிஷில் சொன்னார்.

“கையில இல்லாததைத் தமிழிலயும் சொல்லலாம்” என்றார் அன்ரி.

போன புதன்கிழமை காலை றொஜிதன் இரண்டாவது ஹெட்செட்டோடு வந்து அன்ரியின் தொலைபேசிப் பெட்டியில் செருகினார். மேலிடம் கேட்டிருந்தது. ஓர் அழைப்பைப் பக்கத்தில் இருந்து கேட்டு அன்றே அறிக்கை எழுதவேண்டும். நானும் குறிப்பெடுக்க மூன்றாவது ஹெட்செட்டோடு நின்றேன்.

அழைத்தவர் எஸ்பியர்க்கில் இருந்து ஒரு மூதாட்டி. ஓல்போர்க்கில் இருக்கும் அக்காவின் இலக்கம் வேண்டும். ஆறு வருடமாகப் பேசவில்லை, இன்றைக்குப் பேசப்போகிறேன் என்று தானாகவே சொன்னார். நீண்ட உரையாடலாகப் போகிறது என்பது எங்கள் மூவருக்கும் விளங்கியது. எட்டு வினாடியில் இலக்கம் கிடைத்தது. அன்ரி அதை இரண்டிரண்டாகச் சொன்னார். பிறகு நிறுவனத்தின் வாக்கியத்தைச் சொன்னார்.

“ஆமாம், இணைத்துவிடு, கண்ணே” என்றது மறுமுனை.

ஒரு விசையை அழுத்தினால் போதும். அன்ரியின் விரல் அதன்மேல்தான் இருந்தது. றொஜிதனைப் பார்த்தேன். அவர் தன் ஹெட்செட்டைக் காதிலிருந்து கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே புறப்பட்டுப்போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அன்ரி எதைச் சொன்னாலும், அறிக்கையைப் பொறுத்தவரை அது அவருக்குக் கேட்டிருக்காது. கேட்காததை எழுதவும் முடியாது.

அன்ரியும் அதைக் கண்டார். அழைப்பவரின் நேரத்தில் மூன்று வினாடியை அவர் வீணாக்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கதிரையைத் திருப்பி, கையை நீட்டி, றொஜிதனின் கழுத்தில் கிடந்த ஹெட்செட்டைத் தூக்கி அவருடைய இரண்டு காதிலும் ஒழுங்காக வைத்தார். பெட்டியில் அவருக்கான ஒலியை இரண்டு படி கூட்டினார். பிறகு ஒலிவாங்கியைத் தன் வாய்க்கு அருகே இழுத்தார்.