சின்னச்சாமியின் குரல்

சினிமாவில் வில்லனாகச் சிவபாண்டி எடுத்த பெயரெல்லாம் ஒரு குரலால் வந்தது. அது, செத்துப்போன அவருடைய மச்சான் சின்னச்சாமியின் குரல்.

சிவபாண்டி சமயநல்லூர்க்காரர். மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். மதுரைப் பக்கம் படமெடுக்க வருகிறவர்கள் அவருடைய உயரத்தையும் மீசையையும் பார்த்து, வில்லனுக்குப் பின்னால் அரிவாளோடு நிற்க வைத்தார்கள். வாயே திறக்காமல் பல வருஷம் நின்றார். ஒருநாள் கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் படப்பிடிப்பு. வசனம் பேச வேண்டிய நடிகர் வந்து சேரவில்லை.

"அண்ணே, நீங்க பேசிப் பாருங்க. அந்தப் பொண்ணை மிரட்டணும், அம்புட்டுத்தான்" என்றார் டைரக்டர்.

சிவபாண்டி கத்தவில்லை. "சாப்பிட்டியா தாயி? போயிச் சாப்பிட்டு வா. பெறகு பேசுவோம்" என்றார், பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி. எதிரே நின்ற நடிகை நிஜமாகவே பின்வாங்கினாள். டைரக்டர் கட் சொல்ல மறந்துவிட்டார்.

சிவபாண்டியின் அக்கா அன்னக்கொடியை அடிப்பதற்கு முன்னால் சின்னச்சாமி அப்படித்தான் பேசுவான். சோழவந்தானில் அவர்கள் வீட்டுக்குப் போனபோதெல்லாம் சிவபாண்டி அதைக் கேட்டிருக்கிறார். அந்தக் கனிவை நம்பி, அக்கா நன்றாக இருக்கிறாள் என்று திரும்பியும் வந்திருக்கிறார். பிறகொரு நாள் வெற்றிலைக் கொடிக்கால் கிணற்றில் அக்கா மிதந்தாள். விழுந்தாளா, தள்ளிவிட்டானா என்பது கடைசிவரை தெரியவில்லை. சின்னச்சாமியும் குடித்தே செத்தான். அவர்களுடைய மகள் தாமரைச்செல்வியைத் தூக்கிவந்து வளர்த்தவர் சிவபாண்டிதான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

படம் வெளியானது. தோழிகளோடு போயிருந்த தாமரை பாதியிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அந்தாளைப் பொதைச்சாச்சுல்ல? ஏன் மாமா எழுப்புனீங்க?"

"நானாச் செய்யல ஆத்தா. வாயைத் தெறந்தேன், அவன் வந்து நிக்கிறான்."

அதற்குப் பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் அந்தக் குரல்தான் வேண்டுமென்றார்கள். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றால்கூட, "அண்ணே, அதே மாதிரி ஒருவாட்டி பேசுங்க" என்று போனை நீட்டினார்கள். இவரும் பேசினார். பேசப் பேச அது தொண்டையிலேயே குடியேறியது.

தாமரைக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தது. பெயர் பவதாரிணி. ஒரு மத்தியானம் அதை மடியில் வைத்துக்கொண்டு சிவபாண்டி ஆசையாக ஏதோ கொஞ்சினார். அடுப்படியில் தாமரையின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்புறம்தான் எதிரே இருப்பது மாமா என்று அவளுக்குத் தெளிந்தது.

"மாமா, நீங்கதானா?"

சிவபாண்டி தன் பழைய குரலில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். மெதுவாக எது சொன்னாலும் மச்சான்தான் பேசினான்.

மறுவாரமே, இனிமேல் தன் வேஷத்துக்கு வேறு யாராவது குரல் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "குரல் இல்லாம நீங்க எதுக்குண்ணே?" என்று கேட்டார் ஒரு தயாரிப்பாளர். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். இப்போது திரும்பவும் யாருக்கோ பின்னால் நிற்கிற வேஷம்தான்.

வீட்டில் மட்டும் அவர் கத்தித்தான் பேசுகிறார். "ஏய் கழுத, இங்க வாடி!" என்று அவர் போடுகிற சத்தத்தில், சண்டையோ என்று தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தாத்தா பேசுகிற விதமே அதுதான் என்று நினைத்திருக்கும் பவதாரிணி, "முடியாது போய்யா!" என்று அதே சத்தத்தில் கத்திவிட்டு ஓடிவந்து அவர் முதுகில் ஏறிக்கொள்கிறாள்.

அடுப்படியில் தாமரை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். சத்தம் சற்றே அடங்கினால் கத்தியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள்.