ஜன்னலோர ஸீட்டுக்கு ஒரு குழந்தை

கீழ்பென்னாத்தூர் வெள்ளையம்மாளுக்குக் குழந்தை கிடையாது. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதை ஒட்டிய காலத்தில், கைக்குழந்தை இல்லாமல் அவளைத் திருவண்ணாமலை பஸ்ஸில் யாரும் பார்த்ததில்லை.

கத்திரிக்காய் விற்க அவள் தினமும் காலை பஸ்ஸில் போவாள். நிற்கவே இடம் இருக்காது. கைக்குழந்தைக்காரி ஏறினால் மட்டும் மீசைக்கார ஆம்பிளைகள்கூட எழுந்து இடம் விட்டார்கள். வெள்ளையம்மாள் அதைக் கவனித்தாள். மறுநாளே பக்கத்து வீட்டில் ஒரு குழந்தையை இரவல் வாங்கிவிட்டாள். நடவுக்குப் போகிற தாய்மார்களுக்கு அது உபகாரம்தான். ஒன்று நடக்கத் தொடங்கினால், இன்னொரு வீட்டில் அடுத்தது தயாராக இருக்கும்.

"ஏம்மா, மூணு வருசமா பாக்கறேன், உன் புள்ள வளரவே இல்லியே?" என்றார் கண்டக்டர் அப்பாசாமி.

"நீங்க இப்பிடி கண்ணு வெச்சா எங்கேந்து வளரும்?" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

ஒருநாள் அடுத்த வீட்டுப் பச்சையம்மாள், நடவு அவசரத்தில் தன் கடைக்குட்டிக்குப் பால் கொடுக்காமலே கொடுத்தனுப்பிவிட்டாள். பாதி வழியில் குழந்தை வீறிட்டது.

"பால் குடேன்" என்றாள் பக்கத்தில் இருந்த ராணியம்மாள். அவள் டவுன்காரி, விடாக்கண்டி.

"ஆம்பிளைங்க இருக்காங்க."

"நான் மறைச்சிக்கறேன், குடு."

"இப்பத்தான் குடிச்சது."

"எப்ப, போன வருசமா? புள்ள பேரு என்ன?"

பதற்றத்தில் போன மாதக் குழந்தையின் பெயர்தான் வாயில் வந்தது. "அகிலாண்டம்" என்றாள். சொல்லி வாயை மூடுவதற்குள் குழந்தை, தான் ஆண் என்பதை ராணியம்மாளின் புடவைமேலேயே நிரூபித்துவிட்டான்.

"புள்ள புடிக்கிறவடி இவ!" என்று ராணியம்மாள் கூவினாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் வளைத்துக்கொண்டது. போலீசுக்கு இழுத்துப்போகலாம் என்றார்கள். இரவல் குழந்தை என்றால் யார் நம்பப்போகிறார்கள்? வெள்ளையம்மாள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அடுத்த பஸ்ஸிலிருந்து பச்சையம்மாள் குதித்தாள். பால் கட்டிக்கொண்டு வலித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. காலில் சேறு அப்படியே இருந்தது. குழந்தையைப் பிடுங்கி மாரில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது.

"பெத்தவ நீயா? அப்ப இவ யாரு?" என்றாள் ராணியம்மாள்.

பச்சையம்மாள் தோழியின் முகத்தைப் பார்த்தாள். "பெத்தவ நானு. புள்ள அவளுதுங்க. எனக்குப் பொறந்தது எதுவும் தங்கலன்னு தவிட்டுக்கு வித்துட்டேன்."

தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வேறொருத்தி பிள்ளை என்று சொல்லிவிட்டால் எமன் ஏமாந்துபோவான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூட்டம் இளகிவிட்டது. ராணியம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்ளோ தவிடு?" என்று கேட்டாள்.

"ஒரு மொறம்" என்றாள் ஒருத்தி. "ரெண்டு படி" என்றாள் மற்றவள்.

"மொறத்துல ரெண்டு படி" என்று பச்சையம்மாள் சமாளித்தாள். அவளுடைய மற்ற நான்கு பிள்ளைகளும் அந்நேரம் ஏரிக்கரையில் குண்டுகுண்டாகப் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன.

திரும்பும் பஸ்ஸில்தான் பயம் பிடித்துக்கொண்டது. "நல்லா இருக்கற புள்ளைங்கள தங்கலன்னு சொல்லிட்டேனே! என் வாய் பலிச்சிட்டா?" என்று பச்சையம்மாள் அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வெள்ளையம்மாள் முறம் நிறையத் தவிட்டோடு வந்து வாசலில் கொட்டினாள். "பொய்யா இருந்தாத்தான பயம்? நெசமாக்கிடுவோம்." கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது முறத்தை அவளிடம் நீட்டிவிட்டாள்.

பச்சையம்மாள் காலி முறத்தில் குழந்தையைக் கிடத்தி நீட்டினாள். வாங்கிக்கொண்ட வெள்ளையம்மாள், இத்தனை வருஷ ஆசையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.

பச்சையம்மாள் தவிட்டை அள்ளி மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். "பால் குடிக்க மட்டும் தூக்கினு வா. மத்தபடி உன் புள்ளைய நீயே பாத்துக்க. எனக்கு நாலு இருக்குது" என்றாள்.