ஷஹீமா அறுத்த ஹார்னஸ்கள்

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கத்தில் மலையேறும் தமிழர்களிடம் ஷஹீமாவைப் பற்றிக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "அந்த அக்கா கடையில பூட்ஸ் எடுத்தா பத்து விரலும் பத்திரமா வீடு திரும்பும்" என்பது ஒரு கட்சி. "யப்பா, அது என்ன வாய்! காசும் குடுத்துத் திட்டும் வாங்கணுமா?" என்பது இன்னொரு கட்சி. இரண்டும் உண்மைதான்.

மண்ணடியில் பிறந்து, கிண்டியில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவள். கல்யாணமாகி ஷாஹுலோடு கலிபோர்னியாவுக்கு வந்த பிறகு, அவள் கையில் இருந்த விசா வேலை பார்க்க விடவில்லை. ஷாஹுல் ஆபீஸுக்குப் போனதும் ஊருக்குப் பின்னால் இருந்த மிஷன் பீக் குன்றில் ஏறுவாள். முதலில் பொழுது போகவில்லை என்று ஏறினாள். பிறகு கோபத்தில் ஏறினாள். படித்த படிப்பு பெட்டியில் கிடக்கிற கோபம். பனிமலை வரைக்கும் போனாள்; முழங்கால் கெட்டதும் நிறுத்திக்கொண்டாள். வேலை செய்ய அனுமதி வந்தபோது, மலையேற்றச் சாமான்களை விற்கவும் வாடகைக்கு விடவும் செய்கிற ஒரு சின்னக் கடையில் சேர்ந்தாள். கடைக்காரக் கிழவர் ஓய்வு பெற்று ஆரிகன் பக்கம் போனபோது கடையை அவளே வாங்கிக்கொண்டாள்.

நேபாளம் போகிறவர்களுக்கு அவளிடம் சாமான் மட்டுமல்ல, சட்டமும் கிடைக்கும். எந்தச் சிகரத்துக்கு எந்த அலுவலகத்தில் பெர்மிட், பதிவு பெற்ற ஏஜென்சி இல்லாமல் அது ஏன் கிடைக்காது, கைடுக்கும் சுமை தூக்குகிறவர்களுக்கும் காப்பீடு எடுக்க வேண்டியது யார் பொறுப்பு, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாள். "பெர்மிட்ல உங்க பேரு இருக்கும், பாஸ்போர்ட் நம்பர் இருக்கும். நீங்க இடுப்புல கட்டியிருக்கிற பட்டை என்ன நெலமையில இருக்குன்னு அதுல இருக்காது. அதை நாமதான் பாத்துக்கணும்."

அந்தப் பட்டைக்குத்தான் ஹார்னஸ் என்று பேர். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி மாட்டுகிற நைலான் வார். செங்குத்தான பனிச்சுவரில் கால் வழுக்கினால், கயிற்றுக்கும் மனுஷனுக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில் வாடகைக்குப் போன நான்கு ஹார்னஸ்கள் திரும்பி வந்தன. வந்த பையின் அடியில் ஈரக்கறை, மூக்கைத் துளைக்கிற நெடி. கொண்டுவந்தவனைப் பிடித்துக் கேட்டாள். வண்டியின் பின்பக்கம் ஒரு பழைய பேட்டரி சாய்ந்து கிடந்ததாகச் சொன்னான். ஆசிட். ஹார்னஸ்களில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. ஆனால் ஆசிட் பட்ட நைலான் வெளியே மினுமினுவென்று இருக்கும், உள்ளே நூல் செத்திருக்கும். எந்த இடத்தில் செத்திருக்கிறது என்று கண்ணும் சொல்லாது, கையும் சொல்லாது. கடையில் கூட்டமாக இருந்ததால், நான்கையும் சிவப்பு டேப்பால் சுற்றிப் பின்கட்டில் போட்டுவைத்தாள். மறுநாள் அறுத்துக் குப்பையில் போடுவதாக எண்ணம்.

மறுநாள் அங்கே வெறும் டேப் சுருள்தான் கிடந்தது.

கடையில் ஒத்தாசைக்கு இருந்தது ஷாஹுலின் தம்பி ஷாரிக். ஸ்டார்ட்அப் வேலை போனதிலிருந்து ஆன்லைன் விற்பனையை அவன்தான் பார்த்துவந்தான்.

"ஷாரிக், டேப் சுத்தி வச்சிருந்த ஹார்னஸ் எங்க?"

"அதுவா மதினி? ஆன்லைன்ல போட்டேன், நேத்து சாயங்காலமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம தமிழ் ஆளுங்கதான். ஞாயித்துக்கிழமை நேபாள் கிளம்பறாங்களாம்!" பாராட்டை எதிர்பார்க்கிற முகம்.

"டேப்பை யாரு பிரிச்சது?"

"நான்தான். டேப்போட ஃபோட்டோ எடுத்தா எவன் வாங்குவான்?"

"அதுல ஆசிட் பட்டிருக்குடா!"

"நான் செக் பண்ணேன் மதினி, ஒரு கறை இல்ல. புத்தம் புதுசா இருக்கு. அதைக் குப்பையில போட எப்படித்தான் மனசு வருதோ. பட்டுச்சு, போச்சுங்கறதெல்லாம் கம்பெனிக்காரன் புதுசு விக்கறதுக்குக் கட்டிவிட்ட கதை."

நாலு வருஷம் நூலைப் படித்தவளிடம் நூல் கதை சொல்கிறான். ஷஹீமாவுக்குக் காது இரண்டும் சுட்டன. வாங்கியவனின் நம்பரைக் கேட்டு வாங்கி அழைத்தாள். எடுக்கவில்லை. ஷாஹுலுக்குப் போன் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஷாஹுல் நிதானமாகச் சொன்னான்: "முதல்ல, அவங்களுக்கு எதுவும் டெக்ஸ்ட் பண்ணிராத. எழுத்துல குடுத்தா நாளைக்கு அதுவே நம்ம மேல கேஸ் ஆயிரும். மண்டே லாயர்கிட்ட பேசிட்டு ரீஃபண்ட் பண்ணிரலாம்."

"மண்டே அவங்க ஃப்ளைட்ல இருப்பாங்க மச்சான்."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? கொஞ்சம் ப்ராக்டிகலா யோசி."

"ஒரு ஆளு செத்துப்போனா, அதையும் ரீஃபண்ட் பண்ணுவீங்களா?"

பதிலுக்கு நிற்காமல் போனை வைத்தாள். கடையைப் பூட்டினாள். "வண்டியில ஏறு. வித்தவன் நீ, வந்து நீயே சொல்லு" என்று ஷாரிக்கைக் கிளப்பினாள். ஆன்லைன் ஆர்டரில் இருந்த சான் ரமோன் விலாசத்துக்கு வண்டியை விட்டாள்.

வாங்கியவன் பேர் மகிழன். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயசு, பெரிய கம்பெனியில் மேனேஜர். கராஜ் கதவு திறந்து கிடந்தது. குழுவில் இருந்த நான்கு பேரின் பெரிய பைகளும் அங்கேதான். எடை மெஷினில் ஒரு பையை நிறுத்திவைத்து, மகிழனும் அவன் மனைவி வான்மதியும் சாமான்களை எடுத்தும் வைத்தும் கொண்டிருந்தார்கள். மேலே இறகு அடைத்த புதுக் குளிர்சட்டைகள், விலைச்சீட்டு கூடக் கிழிக்காத பூட்ஸ். உயிர் தொங்கப்போகிற சாமானை மட்டும் பழசாக வாங்கியிருக்கிறான். ஷஹீமாவுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொன்னாள். பேட்டரி, ஆசிட், நைலான், எல்லாம் சொன்னாள். மகிழன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"புரியுது ஆண்ட்டி. இப்ப நான் உங்க கடைக்கு வந்து நாலு புதுசு வாங்கணும். அதானே?"

"ஃப்ரீயா தரேன். எங்க ரென்ட்டல்ல இருக்கிறதுலயே நல்லதா நாலு தரேன், போயிட்டு வந்து திருப்பிக் குடுங்க. இது வேணாம்."

மகிழன் ஷாரிக் பக்கம் திரும்பினான். "ப்ரோ, நீங்கதானே குடுத்தீங்க? சூப்பர் கண்டிஷன்னு சொன்னீங்கல்ல?"

ஷாரிக் தரையைப் பார்த்தான். பிறகு, "நான் பாத்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மதினி எப்பவுமே கொஞ்சம் ஓவர் கேர்ஃபுல்" என்றான்.

இவனையா கூட்டிக்கொண்டு வந்தோம் என்று இருந்தது ஷஹீமாவுக்கு.

"சரி, இப்பவே டெஸ்ட் பண்ணிரலாம்" என்று மகிழன் ஒரு ஹார்னஸை மாட்டிக்கொண்டான். கராஜில் உடற்பயிற்சிக்காகப் பதித்திருந்த இரும்புக் கம்பியில் கொக்கியைப் போட்டுத் தொங்கினான். தொங்கினது மட்டுமல்ல, குதித்துக் குதித்து ஆடினான். ஹார்னஸ் அறவில்லை. "பாத்தீங்களா?" என்றான். ஷாரிக் லேசாகச் சிரித்தான்.

"இது அறும்னு நான் சொல்லல" என்றாள் ஷஹீமா. "அறாதுன்னு என்னால சொல்ல முடியலைன்னு சொல்றேன். இங்க விழுந்தா கீழ ரப்பர் மேட் இருக்கு. அங்க என்ன இருக்கு?"

கம்பியில் தொங்கியபடியே மகிழனுக்கும் இப்போது சூடேறியது. "லுக், எங்களுக்கு பெர்மிட் வந்தாச்சு. நாலு பேர் பேரும் அதுல இருக்கு. ஹெலிகாப்டர் வரைக்கும் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கோம். காட்மாண்டுல ஏஜென்சியே கியர் செக் பண்ணுவாங்க. எல்லா ரூல்ஸும் ஃபாலோ பண்றோம். நீங்க யாரு நடுவுல?"

"அந்த பெர்மிட்டையா இடுப்புல கட்டிக்கிட்டுத் தொங்கப் போறீங்க? ஏஜென்சிக்காரனும் கண்ணாலதானே பாப்பான்? எனக்கே தெரியல, அவனுக்கு எப்படித் தெரியும்? உங்க கூட அதே கயித்துல ஒரு கைடு வருவாரு. நீங்க போனா அவரையும் இழுத்துக்கிட்டுப் போவீங்க. அவருக்கும் வீடு வாசல் இருக்கு."

"அவருக்கும் இன்ஷூரன்ஸ் போட்டாச்சு. அதான் ரூல்."

அதைச் சொல்லும்போது அவன் குரலில் குற்றம் எதுவும் இல்லை. கார் பார்க்கிங்குக்குச் சீட்டு எடுத்தாயிற்று என்று சொல்வதுபோலச் சொன்னான். அவ்வளவுதான், ஷஹீமாவின் பொறுமை தீர்ந்தது.

கடையில் வார் வெட்டுகிற கத்தரிக்கோல் அவள் தோள்பையில் எப்போதும் கிடக்கும். குனிந்து, திறந்திருந்த பையிலிருந்து ஒரு ஹார்னஸை எடுத்தாள். இடுப்புப் பட்டையை வெட்டினாள். பிறகு இரண்டு தொடைப்பட்டைகள். அடுத்ததை எடுத்தாள். மகிழன் கம்பியிலிருந்து கொக்கியைக் கழற்றி இறங்குவதற்குள் மூன்றும் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தன.

"ஏய்! என்ன பண்றீங்க? ஆர் யூ க்ரேஸி? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. வந்தா அவங்ககிட்டயும் இதையேதான் சொல்வேன். இடுப்புல இருக்கிறதையும் கழட்டுங்க."

"முடியாது!"

வான்மதி எடை மெஷின் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"கழட்டு, மகி."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

"எனக்குத் தெரியாதுதான். உனக்கும் தெரியல, அவங்களுக்கும் தெரியல. அதனாலதான் சொல்றேன், கழட்டு. நாளைக்குப் பொண்ணு அப்பா எங்கேன்னு கேட்டா நான் எந்த ரூலைக் காட்டுவேன்?"

மகிழன் மூச்சிரைக்க நின்றான். பிறகு பக்கிளை இழுத்து அவிழ்த்து, ஹார்னஸை ஷஹீமாவின் காலடியில் வீசினான். அவள் அதையும் எடுத்து வெட்டினாள். அவன் ஷாரிக்கிடம் கொடுத்த காசை எடை மெஷின் மேல் வைத்தாள்.

"இப்ப கடைக்கு வாங்க, வேற தரேன்."

"உங்க கடை இருக்கிற தெருப்பக்கம்கூட வரமாட்டேன். காட்மாண்டு தமேல்ல வாங்கிக்கறேன்."

தமேல் கடைத்தெருவில் அசலும் போலியும் ஒரே கொடியில் தொங்கும் என்பது ஷஹீமாவுக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவனிடம் பேசிப் பயனில்லை என்று வான்மதியிடம் சொன்னாள்: எந்த முத்திரையைத் தேட வேண்டும், தயாரித்த வருஷம் எங்கே அச்சிட்டிருக்கும், எந்தத் தையலை விரித்துப் பார்க்க வேண்டும். வான்மதி போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள்.

காரில் ஏறியதும் ஷாரிக் மெல்ல ஆரம்பித்தான். "ஒண்ணும் ஆகியிருக்காது மதினி. நீங்கதான் தேவையில்லாம ஒரு சீன்…"

ஷஹீமா அடுத்த எக்ஸிட்டில் வண்டியை இறக்கி, வழியில் இருந்த டப்ளின் என்ற ஊரின் ரயில் நிலையத்து வாசலில் நிறுத்தினாள். "கடைச் சாவியைக் குடு."

"மதினி…"

"குடுத்துட்டு இறங்கு. டேப் பிரிச்சதுகூட அறியாமன்னு வச்சுக்கறேன். அந்த ஆளு முகத்தைப் பாத்துக்கிட்டே 'நல்லாத்தான் இருந்துச்சு'ன்ன பாரு, அது அறியாம இல்ல."

மகிழனின் குழு நேபாளத்தில் ஐலண்ட் பீக் என்ற சிகரத்தில் ஏறிவிட்டு நலமாகத் திரும்பியது. உச்சியில் நான்கு பேரும் கைடும் நிற்கிற படம் ஊரெல்லாம் சுற்றியது. கூடவே கடையைப் பற்றி ஒரு விமர்சனமும் வந்தது: வீடு தேடி வந்து கத்தரிக்கோலால் சாமானை வெட்டுகிற பைத்தியக்காரி, ஒரு நட்சத்திரம்கூட அதிகம். அந்தக் குளிர்காலத்தில் கடையில் ஈ ஓட்டினாள். வந்த ஓரிருவரும் அவள் கையைத்தான் பார்த்தார்கள், கத்தரிக்கோல் இருக்கிறதா என்று.

பெருநாளன்று சொந்தக்காரர் வீட்டு விருந்தில் எல்லோரும் ஆளாளுக்கு அவளுக்குப் புத்தி சொன்னார்கள். சின்னப் பையன், மன்னித்துவிடு, கடையில் சேர்த்துக்கொள் என்றார்கள். திரும்பி வரும்போது காரில் ஷாஹுலும் சொன்னான்: "அதான் ஒண்ணும் ஆகலையே, விட்டுரேன்."

"வெட்டினதாலதான் ஆகலையோ என்னவோ, உங்களுக்குத் தெரியுமா?"

"உனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியாது. தெரியாதுன்னுதான் வெட்டினேன். ஒண்ணும் ஆகலையேன்னு சொல்ற இதே வாய்தான், ஆகியிருந்தா விதின்னு சொல்லும். எனக்கு அந்த வாயைக் கண்டாத்தான் ஆத்திரம்."

ஷாரிக் வேறு இடத்தில் வேலை தேடிக்கொண்டான். வீட்டுக்கு வந்தால் ஷஹீமா சோறு போடுவாள். கடைக்குள் மட்டும் அவன் காலை வைக்க விடுவதில்லை.

கோடையில் ஒருநாள் வான்மதி போன் செய்தாள். எவரெஸ்டுக்குப் பெர்மிட் கேட்கிறவர்கள் முதலில் நேபாளத்தில் ஏழாயிரம் மீட்டர் சிகரம் ஒன்றில் ஏறியிருக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. மகிழன் அந்த ஏழாயிரத்துக்கு இப்போதே கிளம்பி நிற்கிறானாம்.

"அவர் அளவெல்லாம் நான் சொல்றேன்க்கா, ஹார்னஸ், பூட்ஸ் எல்லாம் நீங்களே பாத்து எடுத்து வைங்க. உங்க கடையிலதுன்னு அவர்கிட்ட சொல்லமாட்டேன்."

"ஒளிச்சு வாங்கறதுக்கு இது என்ன திருட்டுப் பொருளா? உடம்பை அளக்காம நான் எதையும் தரமாட்டேன். அவரையே வரச் சொல்லுங்க."

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை மதியம் வந்து நின்றான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அவளும் வாங்க என்று சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஹார்னஸை எடுத்து மேஜையில் போட்டாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்பட்டையில் அச்சிட்டிருந்த வருஷத்தைத் தேடிக் கண்டுபிடித்தான். தையலை விரல் நகத்தால் விரித்தான். பிறகு மாட்டிக்கொண்டான். இடுப்புப் பட்டையை ஷஹீமா இழுத்த இழுப்பில் ஓரடி முன்னால் வந்தான்.

"இன்னும் கோபமா இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள் ஷஹீமா. "கையைத் தூக்குங்க."