தோப்பூரில் ஓர் அனுபவக் கற்கை

றிஷானாவுக்கு எதையும் லேசில் பிடிக்காது. கிண்ணியாவில் யாராவது புதிதாகக் கட்டிய வீட்டைக் காட்ட அவளைக் கூட்டிப்போனால், குசினி யன்னல் மேற்குப் பக்கம் இருக்கிறது, பின்னேர வெயிலில் வெந்து சாகப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணியில் வாய் வைப்பாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனாலேயே பலருக்கு அவளைப் பிடிக்காது.

பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தும் பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனது. அடுத்த முறை எழுதுவதற்குள் ஜவாஹிருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு திருகோணமலை டவுனில் ஒரு தனியார் வைத்தியசாலையில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலை. காலையில் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போவாள், பின்னேரம் அதே பாலத்தைக் கடந்து வருவாள். நாற்பது வயதைத் தாண்டி, மகளைக் கம்பஸுக்கு அனுப்பிய கையோடு, தானும் படிக்கப்போவதாக வீட்டில் அறிவித்தாள். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கென்று சனி, ஞாயிறுகளில் சமூக அபிவிருத்திப் பட்டம் நடத்தும் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள்.

பாடங்களை முடித்தாள். பரீட்சைகளை எழுதினாள். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. அதற்கு வதிவிடப் பயிற்சி என்று பெயர். வீட்டைவிட்டு வந்து மூன்று நாள் தங்கி, வாழ்க்கையை நேரடியாக அனுபவித்துக் கற்க வேண்டுமாம். அதில் கலந்துகொள்ளாவிட்டால் பட்டம் கிடையாது.

வாழ்க்கையை அனுபவிப்பதற்குக் கல்லூரி உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஒரு கெஸ்ட் ஹவுஸைப் பிடித்திருந்தது. வந்திருந்த மாணவர்களில் பாதிப்பேருக்குத் தலை நரைத்திருந்தது. ஷெல்லடிக்குப் பதுங்கியவர்கள், சுனாமிக்கு ஓடியவர்கள், அகதி முகாமில் பிள்ளை பெற்றவர்கள். இவர்களுக்கு அனுபவம் என்றால் என்னவென்று காட்டிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து ஸப்வான் என்ற இணைப்பாளர் வந்திருந்தான். முப்பது வயதுகூட இராது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பை நிறையப் பலூன்.

முதல் நாள் முழுக்கப் பலூன்தான். ஆளுக்கொரு பலூனை ஊதி, தங்கள் மனதில் உள்ள பயத்தை அதன்மேல் எழுதி, எல்லோரும் சேர்ந்து உடைக்க வேண்டும். வங்கியொன்றில் காவலாளியாக இருந்த ஒருவர், வெடிச்சத்தம் என்று எழுதினார். ஸப்வான் அதை வாசித்துவிட்டு, மிக ஆழமான பதில் என்று கைதட்டி, அந்தப் பலூனையும் உடைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் மரமாக நின்று காற்றில் ஆட வேண்டியிருந்தது. றிஷானாவுக்குப் பக்கத்தில் கனகமணி நின்றாள். வெருகல் பக்கத்தில் பிரசவம் பார்க்கும் குடும்பநல மருத்துவமாது, ஐம்பது வயது, முழங்கால் நோக்காடு.

"தங்கச்சி, நான் என்ன மரம்?" என்று கனகமணி மெல்லக் கேட்டாள்.

"பட்ட மரம் அக்கா. பட்டத்துக்கு வந்த மரம் வேறென்ன மரமா இரிக்கப்போகுது?"

கனகமணி சிரித்ததில் மரம் ஆடியது. ஸப்வான் அதையும் பாராட்டினான்.

மறுநாள் கிராம வாழ்க்கை. "ஒரு ராத்திரி நீங்க கிராமத்து வீட்டில தங்குவீங்க. அவங்களோட சாப்பிடுவீங்க, வேலை செய்வீங்க. அவங்கட வலிய ஃபீல் பண்ணணும்," என்று ஸப்வான் விளக்கினான். "முக்கியமா, முன்பின் தெரியாத வீடா இருக்கணும். சொந்தக்காரர் வீடெண்டா அந்த அனுபவம் செல்லாது. அடுத்த வருஷம் முதல்ல இருந்து திரும்ப வரணும்."

"எங்கட வீடும் கிராமத்திலதான் தம்பி," என்றாள் றிஷானா. "அங்க போய் என்ட வலிய நானே ஃபீல் பண்ணினாப் போதாதா?"

"அது உங்கட கம்ஃபர்ட் ஸோன் மேடம்."

வேன் கிண்ணியா வழியாகத்தான் போனது. அவளுடைய கம்ஃபர்ட் ஸோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பேக்கரியில் வாங்கிய பாணுடன் சந்தியில் நின்று யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தது. றிஷானா கணவனுக்குக் கைகாட்டவில்லை. மூதூர் தாண்டி வேன் தோப்பூருக்குள் திரும்பியபோதுதான் யன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயலோரமாகப் போய், பச்சைப் பெயின்ட் அடித்த கேற்றுக்கு முன்னால் வேன் நின்றது. அது றுக்கியாவின் வீடு. றுக்கியா, ஜவாஹிருடன் கூடப்பிறந்த ஒரே தங்கை, அவரைக் காக்கா என்று கூப்பிடுபவள்.

அந்த வீட்டு வாசலை றிஷானா கடைசியாக மிதித்தது றுக்கியாவின் மகளின் கலியாணத்தன்று. சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறான் என்று யாரோ கேட்டார்கள். "ட்ரெக்டர் ஓட்ட என்ன படிப்பு வேணும், கண் தெரிஞ்சாப் போதும்," என்று றிஷானா சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். இறைச்சிக்கறியுடன் வந்த றுக்கியா அதைக் கேட்டுவிட்டாள். சட்டியைக் கீழே வைத்தாள். அண்ணன் மனைவி என்றும் பாராமல், "எழும்பிப் போங்க மச்சி," என்றாள். கையில் சோற்றோடு எழும்பியவள்தான், பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. பெருநாளைக்கு ஜவாஹிர் மட்டும் தனியாக வந்துபோவார்.

இப்போது ஸப்வான் கேற்றைத் தட்டினான். ஏழைக் குடும்பங்கள் வேண்டும் என்று அவன் ஊர் மாதர் சங்கத்திடம் கேட்டிருந்தான். கொழும்பிலிருந்து வரும் ஆட்களுக்கு ஒழுங்கான பாத்றூம் இல்லாத வீட்டைக் காட்டினால் ஊருக்குத்தான் மரியாதைக்கேடு என்று சங்கம் தேடித் தேடி நல்ல வீடுகளாகக் கொடுத்திருந்தது. நிலத்துக்கு டைல்ஸ் பதித்திருந்த அந்த ஏழை வீட்டின் கதவைத் திறந்து றுக்கியா வெளியே வந்தாள்.

றிஷானாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். றிஷானாவுக்கு அடுத்த வருடத்துப் பலூன்கள் கண்ணுக்குள் மிதந்தன.

"வாங்க," என்றாள் றுக்கியா. "நீங்க எந்தூர்?"

றிஷானா ஸப்வானை ஓரக்கண்ணால் பார்த்தாள். "கிண்ணியா."

"அப்படியா? கிண்ணியாவில எங்களுக்கும் சொந்தக்காரர் இரிக்கி. பெரிய படிச்ச ஆக்கள். இந்தப் பக்கம் வாறல்ல."

ஸப்வானுக்கு உச்சி குளிர்ந்தது. பாருங்கள், முதல் நிமிடத்திலேயே மனம் திறந்து கதைக்கிறார் என்று, றிஷானாவுடன் அந்த வீட்டில் தங்க இறங்கிய கனகமணியிடம் கிசுகிசுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு ஆள் இறக்கப் போனான்.

றுக்கியாவுக்குக் கிடைத்தற்கரிய சந்தர்ப்பம். கனகமணிக்குக் கதிரை போட்டுக் கொடுத்தாள். "நீங்க இரிங்க ராத்தா, உங்களுக்குக் கால் நோவுது. இந்தப் புள்ள அனுபவத்துக்கு வந்திரிக்காவே, அவ செய்யட்டும்," என்று சொல்லி, றிஷானாவிடம் மாட்டுக்கொட்டிலைக் கூட்டும் விளக்குமாற்றைக் கொடுத்தாள். கொட்டில் முடிந்ததும் கரிபிடித்த சட்டிகள். சட்டிகள் முடிந்ததும் ஒரு சுளகு நிறைய மீன். றிஷானா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எல்லாவற்றையும் செய்தாள். அவளுடைய வைத்தியசாலையில் வேலை செய்யும் யாராவது அதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

மீன் வெட்டும்போது கனகமணி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ? உப்புப் போத்தல் எங்க இருக்கெண்டு கேக்காமலே போய் எடுத்தனீங்க. அது எப்படி?"

றிஷானா மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்ட புருசன்ட தங்கச்சி அக்கா. வெளிய சொல்லிராதீங்க."

"கோவமோ?"

"கோவம்தான்."

"ஆருல பிழை?"

றிஷானா இன்னொரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினாள். "வாயிலதான்," என்றாள்.

யாருடைய வாய் என்று கனகமணி கேட்கவில்லை.

காலையில் ஸப்வான் முக்காலியில் போனைப் பொருத்திக்கொண்டு வந்தான். கல்லூரியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு ஒரு வீடியோ வேண்டும். கேள்விகள் கொழும்பில் தயாராகி வந்திருந்தன. றிஷானா கேட்க வேண்டும், றுக்கியா பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் முற்றத்தில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தான். வீட்டுக்குள் சோபா இருந்தது. ஆனால் சோபாவில் இருந்தால் வறுமை தெரியாதாம்.

"உங்கள் வாழ்வில் நீங்கள் எதிர்கொண்ட மிகப்பெரிய சவால் யாது?" என்று றிஷானா வாசித்தாள்.

"என்ட காக்காட பொஞ்சாதி," என்றாள் றுக்கியா.

ஸப்வான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"நல்ல கெட்டிக்காரி. எங்கட உம்மா மௌத்தாகக்குள்ள கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்தில இருந்து பார்த்தது அவதான், நானில்ல. அத நான் மறக்கல்ல. ஆனா வாய் இரிக்கே. என்ட மகள்ற கலியாணத்தில, சோத்தில கைவச்சுக்கொண்டே என்ட மருமகன நாலு பேருக்கு முன்னால கேவலப்படுத்தின. அண்டைக்கு முழுக்க மகள் அழுத. மாப்பிள்ளைக்கும் காதுல விழுந்திட்டு. அவர் ஒண்டும் சொல்லல்ல." றுக்கியா முந்தானையை இழுத்துவிட்டாள். "ஒவ்வொரு வெள்ளாமைக்கும் அவர்தான் நல்ல அரிசியாப் பார்த்து மூட்டை கட்டிக் கிண்ணியாவுக்கு ஏத்திவிடுறவர். காக்கா அதக் கடையில வாங்கினதெண்டு வீட்டில சொல்றவராம். அவவும் திண்டுபோட்டு, இப்பதான் உங்களுக்குச் சாமான் வாங்கத் தெரியுதெண்டு புருசன மெச்சினவவாம். ஒருத்தர மெச்சாத மனுசி."

றிஷானாவின் முகத்தில் இரத்தம் ஏறியது. அந்த அரிசியை அவள் ஊருக்கெல்லாம் புகழ்ந்திருந்தாள். கையிலிருந்த தாளில் அடுத்த கேள்வியைத் தேடினாள். அந்தச் சவாலை எவ்வாறு வெற்றிகொண்டீர்கள் என்று இருந்தது. தாளைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"மச்சி," என்றாள். "அந்தக் கமராவ நிப்பாட்டச் சொல்லுங்க."

"ஏன், நல்லாத்தானே கேட்டுக்கொண்டிருந்தீங்க?" என்றாள் றுக்கியா.

"நான் சொன்னது பிழைதான் மச்சி. அண்டைக்கே தெரியும். நீங்க எழும்பிப் போகச் சொன்னதால அதப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன்."

றுக்கியா அழுதாள். றிஷானா அழுகிற வகையில்லை. தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். ஸப்வானின் போன் ஓடிக்கொண்டே இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு இரவில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை மச்சி என்று கூப்பிடும் அளவுக்கு உறவாகி, அங்கே இல்லாத அண்ணன் மனைவியின் இடத்தில் தன்னை நிறுத்தி மன்னிப்பும் கேட்டுவிட்டாள் அல்லவா! அவன் படித்த புத்தகங்களில் இதற்கு ஒரு பெயர் இருந்தது. அதைக் கனகமணியிடம் இரண்டு தரம் சொன்னான். கனகமணி, ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

உப்புவெளிக்குத் திரும்பியதும் நிறைவு விழாவில் அந்த வீடியோவைத் திரையில் போட்டார்கள். கொழும்பிலிருந்து வந்திருந்த கல்லூரிப் பணிப்பாளர், வளர்ந்தோர் கல்வியின் வெற்றிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டார். ஒருவரும் வேண்டும் என்று சொல்லவில்லை. றிஷானாவுக்குச் சிறந்த அனுபவக் கற்கையாளர் என்று ஒரு கேடயம் கிடைத்தது. கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் பிளாஸ்டிக். வாங்கிய உடனேயே விரலால் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பட்டமும் கிடைத்தது. அதனால் வேலையில் ஒரு மாற்றமும் வரவில்லை. அதே மேசையில் இருந்து அதே நம்பர்களைக் கொடுக்கிறாள். ஜவாஹிரிடம் அரிசியைப் பற்றிக் கேட்டதற்கு அவர், உண்மையைச் சொல்லியிருந்தால் நீ திண்டிருப்பாயா என்று திருப்பிக் கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இரண்டு பேருமாகத் தோப்பூருக்குப் போனார்கள். றிஷானா அந்த மருமகனிடம் நேரே போய் மன்னிப்புக் கேட்டாள். அவன் வெட்கத்தில் நெளிந்து, "அதெல்லாம் மறந்து போச்சு மாமி," என்று சொல்லிவிட்டு வயலுக்கு ஓடினான். அவன் மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அது அவனுடைய உரிமை என்று விட்டுவிட்டாள்.

கல்லூரி வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டு, 'முன்பின் அறியாதவர்கள் உறவானார்கள்' என்று தலைப்பும் கொடுத்திருந்தது. கிண்ணியாக்காரர் சும்மா இருப்பார்களா? இவ எங்கட ஜவாஹிர் காக்காட பொஞ்சாதி, மற்றவ அவர்ட தங்கச்சி என்று கீழே வரிசையாக எழுதத் தொடங்கினார்கள். கல்லூரி அன்றைக்கே அந்தப் பதிவுகளை அழித்தது. வீடியோவை அப்படியே வைத்திருந்தது.

பெருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சோபாவில் இருந்து அதை றுக்கியாவின் போனில் பார்த்தார்கள்.

"அழக்குள்ள மூஞ்சி கோணிப்போகுது மச்சி உங்களுக்கு," என்றாள் றிஷானா.

"நீங்க வாயப் பொத்திக்கொண்டு பாருங்க," என்றாள் றுக்கியா.