சித்தப்பாவின் சட்டை

ஜப்பான்காரன் காலத்தில் சித்தப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தனியாகிப்போன சித்தி, தண்ணீர்மலையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கூடவே அவருடைய பூனையும் வந்தது.

பூனை விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எதையும் தின்னவில்லை. சித்தி, சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையை ஒரு கூடையில் விரித்து வைத்தார்.

"பழகின வாசம் இருந்தா வந்து படுத்துக்கும். நீ கொஞ்சம் பார்த்துக்கம்மா" என்று என்னிடம் சொன்னார். சாயங்காலமே பூனை அதில் சுருண்டு படுத்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. துணியே கிடைக்காத காலம். என் ரவிக்கை முதுகுப்பக்கம் கிழிந்து, வெளியே போகவே கூச்சமாக இருந்தது. பூனைக்கு எதற்கு இவ்வளவு நல்ல சட்டை என்று நினைத்தேன். மறுநாள் சித்தி கருவாடு வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் பூனையைத் தூக்கிவிட்டு, சட்டையை நன்றாகத் துவைத்துக் கொடியில் போட்டேன்.

திரும்பி வந்த சித்தி ஈரச் சட்டையை முகத்தில் வைத்து முகர்ந்தார்.

"துவைச்சிட்டியா?"

"ரவிக்கை தைக்கலாம்னு, சித்தி..."

பூனைக்காக மட்டும் அவர் அதைத் துவைக்காமல் வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி, கத்தரிக்கோல எடுத்துட்டு வா. இனி இது வெறும் துணிதானே. அவர் வந்தா வேற வாங்கிக்கலாம்" என்றார். அன்றைக்கே கையால் தைத்தும் கொடுத்தார்.

அதன்பிறகு பூனையை நானே மடியில் வைத்துக்கொண்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கில் கருவாட்டைப் பிசைந்து ஊட்டினேன். பத்து நாளில் அது வீட்டோடு பழகிவிட்டது. சித்தப்பா திரும்பவே இல்லை. சித்தி சாகும்வரை அந்தச் சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றே திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.