கதவைப் பூட்டக் கூடாது

1950களின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு முதியோர் விடுதியில் வேலை பார்த்தேன். இடம் கேட்பவர்களின் வீட்டுக்குப் போய், நடக்க முடிகிறதா, தானே சாப்பிடுகிறாரா, துணைக்கு யார் என்று விசாரித்து, விடுதியை நடத்தும் மேட்ரனிடம் சொல்வது என் பொறுப்பு.

திருவொற்றியூர் குப்பத்தில் ஒரு அம்மாளைப் பார்க்கப் போனேன். பார்வை மங்கியதால் மீன் விற்பதை நிறுத்தியிருந்தார். ஹார்பரில் மூட்டை தூக்கும் மகன்தான் இடம் கேட்டிருந்தான். என் கேள்வி ஒவ்வொன்றுக்கும் அவனே பதில் சொன்னான்.

"அதுக்கு ஒண்ணும் வெளங்காதும்மா. எங்கனா போயிடுது. நாங்க வேலைக்குப் போசொல்ல வூட்டைப் பூட்டிக்கினுதான் போறோம்."

"கண்ணுதான் போச்சு, வாயி போவலை," என்றார் அவர். "என்னாண்ட கேளும்மே."

மகனை வெளியே நிற்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனான்.

"உங்களுக்கு என்ன வேணும், ஆயா?"

"கக்கூஸுக்குக் கைபுடிச்சு இட்டுக்கினு போக ஒரு ஆளு. சுடுசோறு. அப்பால, கதவைப் பூட்டக் கூடாது. போன மாசம் அடுப்புப் பொகை சூந்துக்கிச்சு. பக்கத்து வூட்டுக்காரன் ஓலையைப் பிச்சு என்னை வெளிய இஸ்துப் போட்டான். இல்லாங்காட்டி செத்திருப்பேன்."

மேட்ரனிடம் அப்படியே சொன்னேன்.

"பொழுது சாய்ஞ்சா பெண்கள் கூடத்தை வெளியே தாழ் போடறது வழக்கம். ஒருத்திக்காக மாத்த முடியாது. வந்தா பழகிடும்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மாளிடம் போய் மறைக்காமல் சொன்னேன்.

"இங்கயும் பூட்டு, அங்கயும் பூட்டு. அங்க கத்துனா கூடக் கத்த ஆளு கீது. வரேன்."

வந்த அன்று மாலையே, தாழ் விழுந்ததும், அலுமினியத் தட்டால் கதவை இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தொறம்மே! நாங்க இன்னா திருடிங்களா?"

அதுவரை வாய் திறக்காமல் இருந்த மற்ற பெண்களும் தட்டை எடுத்தார்கள். கூடமே அதிர்ந்தது. வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த ஹார்பர் ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

மேட்ரன் வேகமாக வந்தார். "போய் அவளைச் சமாதானப்படுத்து!"

"சமாதானம் எதுக்கு? அவங்களுக்கு என்ன வேணும்னு அன்னைக்கே சொன்னேனே," என்று நானே தாழை இழுத்துத் திறந்தேன்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"வருவேன்," என்றேன்.

மறுநாள் போனேன். வாசலில் அத்தனை பேர் கூடிப் பார்த்துவிட்ட பிறகு மேட்ரனும் தடுக்கவில்லை. கதவையும் அதன்பின் யாரும் பூட்டவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் பெண்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மேட்ரன் காதில் விழும்படியே சத்தமாகச் சிரித்தார்கள். ஒருத்தரும் எங்கும் ஓடிப்போகவில்லை.